வாசகர் கேட்டவை: பெரிய வீடு, நீண்ட சாலை

போன இதழில், 2019இல் ஹூஸ்டனில் மகள் வீட்டில் நாலு மாதம் தங்கியதைப் பற்றி இரண்டே வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. டர்பனிலிருந்து டெக்சஸுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர் போலிருக்கிறது. எனவே இந்த முறை மற்ற கேள்விகளை ஒதுக்கி வைத்துவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் 32 வருஷம் நில அளவையாளர் அலுவலகத்தில் மனை வரைபடங்களை மையில் நகலெடுத்தவள். ஊர்களை நான் பார்க்கும் விதமும் அந்த மேசையிலிருந்து வந்ததுதான்.

என் மகன் ஹூஸ்டன் பக்கம் கேட்டி என்ற இடத்தில் 4,200 சதுர அடி வீடு பார்த்து வைத்திருக்கிறான். அந்த ஊரில் ஸோனிங் சட்டமே கிடையாது, நாளைக்கே பக்கத்து மனையில் தொழிற்சாலை வரலாம் என்று என் அண்ணன் பயமுறுத்துகிறார். உண்மையா, அக்கா?
*ஒரு தாய், ஃபீனிக்ஸ், டர்பன்*

உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி சரி. ஸோனிங் என்றால், இந்தத் தெருவில் வீடு மட்டும், அந்தத் தெருவில் கடை, அதற்கு அப்பால் தொழிற்சாலை என்று நகராட்சி வரைபடத்தில் வண்ணம் பூசிப் பிரிப்பது. அமெரிக்காவின் பெரிய நகரங்களில் அது இல்லாத ஊர் ஹூஸ்டன்தான். 23 லட்சம் பேர் இருக்கும், அந்த நாட்டின் நாலாவது பெரிய நகரம். 1948, 1962, 1993 என்று மூன்று முறை மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். மூன்று முறையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆனால் அங்கே கட்டுப்பாடு இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். கட்டுப்பாடு மனைப் பத்திரத்துக்குள் இருக்கிறது. மனைகளைப் பிரித்து விற்கும் கம்பெனி, இங்கே வீடு தவிர வேறு கட்டக்கூடாது, இத்தனை அடி தள்ளித்தான் சுவர் எழுப்ப வேண்டும் என்று எழுதி வைத்துவிடும். வாங்குகிறவர் எல்லோரும் அதற்குக் கட்டுப்பட்டவர். யாராவது மீறினால் ஹூஸ்டன் நகராட்சியே வழக்குப் போட முடியும். புது வீட்டுத் தொகுதிகளில் இதைக் கவனிக்க வீட்டுக்காரர் சங்கம் ஒன்று இருக்கும்.

நான் போன மூன்றாம் நாள் பருத்திப் புடவை ஒன்றைத் துவைத்துப் பின்பக்க மரவேலியில் விரித்தேன். நல்ல வெயில், ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிட்டது. அடுத்த வாரம் சங்கத்திலிருந்து மகளுக்குக் கடிதம் வந்தது. உள்ளே வேலியில் தொங்கும் என் புடவையின் ஃபோட்டோ. வெளியே தெரியும்படி துணி காயப்போடக்கூடாதாம். புல் எவ்வளவு உயரம், கடிதப் பெட்டிக்கு என்ன நிறம், எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. நம் ஊர் நகராட்சி ஒருநாளும் என் புடவையைப் பற்றிக் கேட்டதில்லை.

இன்னொன்று. கேட்டி நகரத்தின் எல்லை சிறியது. அந்தப் பெயரைச் சொல்லி விற்கும் வீடுகளில் பெரும்பாலானவை எந்த நகரத்துக்கும் சேராத கவுண்டி நிலத்தில் நிற்பவை. கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. டெக்சஸில் கவுண்டிகளுக்குப் பொதுவாக ஸோனிங் அதிகாரமே கிடையாது. ஆகவே தொகுதியின் சுற்றுச்சுவருக்கு வெளியே வெறும் நிலம் கிடந்தால், அதில் என்ன வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அந்த அளவில் உங்கள் அண்ணன் பயம் நியாயமானது.

எனக்குத் தொழிற்சாலையைவிடத் தண்ணீர்தான் பயம். அந்தப் பக்கம் ஆடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு வெள்ளத் தடுப்பு நீர்த்தேக்கங்கள் உண்டு, 1940களில் ராணுவப் பொறியாளர்கள் கட்டியவை. மற்ற நாட்களில் காடும் பூங்காவுமாக வறண்டு கிடக்கும். பெருமழையில் மட்டும் நிரம்பும். நிரம்பினால் தண்ணீர் எதுவரை ஏறுமோ, அந்த எல்லைக்குள்ளேயே ஆயிரக்கணக்கான வீடுகளைக் கட்டி விற்றுவிட்டார்கள். 2017 ஆகஸ்டில் ஹார்வி புயலோடு வந்த மழை நாலைந்து நாளில் பல இடங்களில் ஒரு மீட்டரைத் தொட்டது. நீர்த்தேக்கம் ஏறி, படுக்கையறைகளுக்குள் நின்றது. வீட்டுக்காரர்களில் பலருக்குத் தாங்கள் நீர்த்தேக்கத்துக்குள் குடியிருப்பதே அன்றுதான் தெரிந்தது.

இதில் என் வயிற்றைக் கலக்கிய செய்தி எது தெரியுமா? பார்க்கர் பக்கம் ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் பதிவான பல மனை வரைபடங்களில், இந்த இடத்தில் தண்ணீர் தேங்கி நிற்கக்கூடும் என்ற குறிப்பு இருந்தது. பொடி எழுத்தில், மற்ற குறிப்புகளுக்கு நடுவே ஒன்றாக. அப்படிப்பட்ட வரிகளை எத்தனை நூறு வரைபடங்களில் நானே ஸ்டென்சில் வைத்து எழுதியிருக்கிறேன்! யாரும் படிக்க மாட்டார்கள் என்று அப்போதே தோன்றும், கை மட்டும் எழுதிக்கொண்டு போகும்.

அதனால் மகனிடம் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுமுன் கவுண்டி அலுவலகத்தில் பதிவான மனை வரைபடத்தை வாங்கி, குறிப்புகளைக் கடைசி எழுத்துவரை படிக்கட்டும். வெள்ள வரைபடத்தையும் பத்திரக் கட்டுப்பாடுகளையும் பார்க்கட்டும். அப்புறம் மட் வரி எவ்வளவு என்று கேட்கட்டும். மட் என்பது முனிசிபல் யூட்டிலிட்டி டிஸ்ட்ரிக்ட். வெற்று நிலத்துக்குத் தண்ணீர்க் குழாயும் சாக்கடையும் போட இப்படி ஓர் அமைப்பை உண்டாக்கிக் கடன்பத்திரம் வெளியிடுவார்கள், குடிவருகிறவர்கள் வருஷா வருஷம் வரியாக அந்தக் கடனை அடைப்பார்கள். டெக்சஸ் மாநிலத்துக்கு வருமான வரி கிடையாது என்று பிள்ளைகள் பெருமையாகச் சொல்வார்கள். வீட்டு வரி, பள்ளி வரி, மட் வரி எல்லாம் கூட்டினால் புதுத் தொகுதிகளில் வீட்டின் மதிப்பில் 3 சதவீதத்தைத் தொடும் இடங்கள் உண்டு. 4,200 சதுர அடிக்கு அதைப் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்கு வயது 72. கார் ஓட்டத் தெரியாது. ஹூஸ்டனில் இருக்கும் மகள் ஆறு மாதம் வந்து பேரனைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறாள். அங்கே பஸ், ரயில் உண்டா? கடைகண்ணிக்கு நானே போய்வர முடியுமா?
*ஒரு வாசகி, மெரிபாங்க்*

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குப் பால் வாங்கப் போன அந்தக் காலைதான் நினைவுக்கு வந்தது.

மகள் மெடிக்கல் சென்டரில் நர்ஸ். காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பிவிடுவாள். மருமகன் வேறு திசையில். பேத்திக்குப் பால் இல்லை. கடையின் பலகை மாடி ஜன்னலிலிருந்தே தெரிகிறது. சரி, நடந்து போய் வந்துவிடலாம் என்று செருப்பை மாட்டினேன். தொகுதிக்குள் நடைபாதை அழகாக இருந்தது, ஆனால் தெருக்கள் எல்லாம் வளைந்து வளைந்து தம்மிலேயே முடிகின்றன. பெரிய சாலைக்கு வெளியேற ஒரே வாசல், அதுவும் கடைக்கு எதிர்ப்பக்கம். வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் நடைபாதை நின்றுவிட்டது. சிமெண்டு முடிகிற விளிம்பு, அதற்கப்புறம் புல், புல்லுக்குப் பக்கத்தில் மழைநீர்ப் பள்ளம், மறுபக்கம் ஆறு வரிசையாகக் கார்கள். புல் ஓரத்தில் ஒற்றை ஆளாக நடந்தேன். ஜூன் மாதம், எட்டு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டுகிற புழுக்கம். ஒரு பெண்மணி காரை ஓரம் கட்டி, கண்ணாடியை இறக்கி, “உங்கள் கார் கெட்டுவிட்டதா? உதவிக்கு யாரையாவது கூப்பிடட்டுமா?” என்று கேட்டாள். மிகுந்த அன்போடு கேட்டாள். பால் வாங்கப் போகிறேன் என்றேன். கடைசியில் அவளே கடையில் இறக்கிவிட்டாள். போகவர ஒன்றரை மணி நேரம்.

மெரிபாங்கில் நீங்கள் வாசலைத் தாண்டினால் கடை, கையைக் காட்டினால் டாக்ஸி என்று நாம் சொல்லும் பங்கு வேன். அந்தப் பழக்கத்தில் போகாதீர்கள். போகுமுன் மகளிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் பஸ் நிறுத்தம் உண்டா, அந்த பஸ் ஞாயிற்றுக்கிழமையும் வருமா?

பஸ்ஸே இல்லாத ஊர் இல்லை அது. மெட்ரோ என்ற நிறுவனம் நடத்துகிறது. நான் இருந்தபோது சாதாரண பஸ் கட்டணம் 1 டாலர் 25 சென்ட். 70 வயதுக்கு மேல் இலவச அட்டை உண்டு, நீங்களும் விசாரித்து வாங்கிக்கொள்ளலாம். 2004 ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து மின் ரயிலும் ஓடுகிறது, சாலையோடு சாலையாகப் போகும் சிறிய ரயில். சிவப்பு வழித்தடம் நகர மையத்திலிருந்து மியூசியங்கள், ஹெர்மன் பூங்கா, மெடிக்கல் சென்டர் வழியாகத் தெற்கே போகிறது. 2015இல் இன்னும் இரண்டு சிறு தடங்கள் வந்தன. அதே வருஷம் ஆகஸ்டில் ஊரின் பஸ் வழிகள் அத்தனையையும் ஒரே இரவில் மாற்றினார்கள். எல்லா பஸ்ஸும் நகர மையத்துக்கே ஓடிய பழைய முறையை விட்டு, கட்டம் போட்ட மாதிரி குறுக்கும் நெடுக்குமாக, முக்கிய வழிகளில் 15 நிமிஷத்துக்கு ஒன்று, வார இறுதியிலும் ஓடும்படி. மிக நல்ல காரியம். வெஸ்ட்ஹைமர் சாலையில் ஓடும் 82ஆம் எண் பஸ்ஸில் நான் பல தடவை போயிருக்கிறேன். உட்கார இடம் கிடைக்காது, அவ்வளவு கூட்டம்.

இதெல்லாம் உள்வட்டத்தில். அந்த ஊரைச் சுற்றி மூன்று வளைய நெடுஞ்சாலைகள்: 610, பெல்ட்வே 8, அதற்கும் வெளியே கிராண்ட் பார்க்வே. மகள் வீடு 610க்கு உள்ளே என்றால் தைரியமாகப் போங்கள். கிராண்ட் பார்க்வே பக்கம் என்றால், காலையில் வேலைக்குப் போகிறவர்களை நகரத்துக்கு ஏற்றிச் சென்று மாலையில் திரும்பக் கொண்டுவரும் பார்க் அண்ட் ரைடு பஸ் மட்டுமே இருக்கும். அதற்கும் காரில் போய்த்தான் ஏற வேண்டும். ஷுகர் லேண்ட், பேர்லேண்ட் மாதிரியான புறநகர்கள் மெட்ரோவில் சேரவே இல்லை. பேர்லேண்டில் அருமையான மீனாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. நாலு மாதத்தில் மூன்று முறைதான் போனேன், மகளுக்கு விடுமுறை கிடைத்த மூன்று நாள்.

சாலையை அகலமாக்கினால் தீராதா என்று கேட்பார்கள். கேட்டி ஃப்ரீவே என்ற நெடுஞ்சாலையை அகலமாக்கினார்கள். 2008இல் வேலை முடிந்தது, 280 கோடி டாலர். பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 வரிசை. அதற்கு இடம் வேண்டும் என்று பக்கத்தில் ஓடிய பழைய ரயில் பாதையைப் பிடுங்கி எடுத்தார்கள். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. அகலச் சாலை வந்ததால் இன்னும் தள்ளித் தள்ளி வீடு கட்டினார்கள், அவர்கள் எல்லோரும் அதே சாலைக்கு வந்தார்கள். 2011க்கும் 2014க்கும் இடையில் மாலை நேரப் பயணம் பாதிக்கு மேல் நீண்டுவிட்டது. என் மகள் அந்தச் சாலையில்தான் தினம் இரண்டரை மணி நேரம் செலவிட்டாள். திரும்பி வந்ததும் கராஜில் காரை நிறுத்திவிட்டு, இறங்காமல் பத்து நிமிஷம் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உட்கார்ந்திருப்பாள். சமையலறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, கூப்பிடாமல் மூடிவிடுவேன்.

நான் ஹோவர்ட் காலேஜில் நகரத் திட்டமிடல் படிக்கிறேன். ஸோனிங் இல்லாததால்தான் ஹூஸ்டன் இப்படிப் பரந்து கிடக்கிறது என்கிறார் ஒரு நண்பர். ஸோனிங் இல்லாததால்தான் அங்கே வீடு மலிவு என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?
*ஒரு மாணவி, டர்பன்*

இருவருமே ஸோனிங்குக்கு அதிகப் பலம் கொடுக்கிறார்கள், தங்கச்சி. ஸோனிங் உள்ள அமெரிக்க நகரங்களும் இதே மாதிரிதான் பரந்து கிடக்கின்றன. ஷுகர் லேண்டுக்கு ஸோனிங் உண்டு, அங்கேயும் அதே பெரிய வீடுதான், அதே கார்தான்.

ஹூஸ்டனைப் பரப்பியது ஃப்ரீவேயும் மட் கடன்பத்திரமும், நிலம் சமதளமாக எல்லாத் திசையிலும் கிடைத்ததும். அதோடு நகராட்சி விதித்த வாகன நிறுத்த விதி. ஒரு படுக்கையறை ஃப்ளாட்டுக்கு 1.333 கார் நிறுத்த இடம் வேண்டும் என்று சட்டப் புத்தகத்தில் எழுதியிருந்தார்கள். நகர மையத்துக்கு மட்டும் நெடுநாளாக விலக்கு, 2019இல் மிட்டவுனுக்கும் நகர மையத்தின் கிழக்கே உள்ள பகுதிக்கும் நீட்டினார்கள். கடைக்கு முன்னால் கடையைவிடப் பெரிய கார் மைதானம் இருப்பது இந்த விதியால்தான்.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஒரு மனை குறைந்தது 5,000 சதுர அடி இருக்க வேண்டும் என்ற விதியை, 1998இல் 610 வளையத்துக்குள் தளர்த்தினார்கள். சிறிய மனை 1,400 சதுர அடிவரை போகலாம் என்றாயிற்று. 2013இல் அதை ஊர் முழுக்க விரித்தார்கள். ஒரு பழைய வீடு நின்ற இடத்தில் மூன்று ஒல்லியான மாடி வீடுகள் எழும்பின, ஆயிரக்கணக்கில். அவை கண்ணுக்கு அழகில்லை என்று அங்கே சிலர் குறைபட்டுக்கொண்டார்கள். எனக்கு அவை பிடித்திருந்தன. ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் பக்கத்தில் ஒரு குடும்பத்தின் இடத்தில் மூன்று குடும்பம் வாழ்கிறதே. தங்கள் தெருவில் இது வேண்டாம் என்பவர்கள் கையெழுத்து வாங்கி மனு கொடுத்துத் தடுக்கவும் வழி வைத்தார்கள். அதனால்தான் எதிர்ப்பு அடங்கி, விதி நிறைவேறியது.

உன் பாடப் புத்தகத்தில் 1948ஐ வட்டமிட்டு வைத்துக்கொள். அந்த வருஷம் ஹூஸ்டன் ஸோனிங்கை நிராகரித்தது. அதே வருஷம், கறுப்பினத்தவருக்கு விற்கக்கூடாது என்ற பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக்கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஸோனிங் வரைபடம் இல்லாமலே, பத்திரத்தின் வழியாக யார் எங்கே குடியிருக்கலாம் என்று அதுவரை பிரித்து வைத்திருந்தார்கள். அதே வருஷம் இங்கே தென்னாப்பிரிக்காவில், நிறவெறியைச் சட்டமாக்கிய நேஷனல் கட்சி ஆட்சிக்கு வந்தது. 1950இல் குரூப் ஏரியாஸ் சட்டம். நிலத்தை எதற்கு என்று பிரிப்பதை விட்டு, யாருக்கு என்று பிரித்து வண்ணம் பூசினார்கள்.

அப்பா நகராட்சித் தொழிலாளி. நாங்கள் மேகஸின் பேரக்ஸில் இருந்தோம், தமிழும் தெலுங்கும் பேசும் நகராட்சித் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த இடம். அறை சிறியதுதான், ஒழுகும்தான். ஆனால் அப்பா வேலைக்கு நடந்து போய், மதியச் சாப்பாட்டுக்கு நடந்து வருவார். 1960களில், இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வர்த்துக்குத் தூக்கிப் போட்டார்கள், நகரத்திலிருந்து இருபது கிலோமீட்டர். அதன்பின் அப்பா இருட்டில் போய் இருட்டில் வந்தார். சம்பளத்தில் ஒரு பங்கு பஸ்ஸுக்குப் போயிற்று. சாட்ஸ்வர்த்துக்கு ரயில் பாதை போட்டார்கள், சரி. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனின் ரயில் பாதைகள் பல அடித்துக்கொண்டு போனபோது, அந்த இருபது கிலோமீட்டரின் நீளம் மறுபடி எல்லோருக்கும் தெரிந்தது.

அதனால் ஸோனிங் நல்லதா கெட்டதா என்று கட்டுரை எழுதச் சொன்னால், ஒரு குடும்பத்தின் வீட்டுக்கும் வேலைக்கும் இடையில் எத்தனை கிலோமீட்டர், அதை யார் தீர்மானித்தார்கள் என்பதிலிருந்து தொடங்கு.

என் அப்பா சாட்ஸ்வர்த்தில் இரண்டு அறையில் ஒன்பது பேரோடு வளர்ந்தார். நான் உழைத்து உம்லாங்கா பக்கம் ஐந்து படுக்கையறை வீடு கட்டியிருக்கிறேன். பெரிய வீட்டைத் தவறு என்பது போல எழுதுகிறீர்கள். மனது வலித்தது.
*ஒரு வாசகர், உம்லாங்கா ரிட்ஜ்*

மன்னியுங்கள், தம்பி. தவறு என்று நான் நினைக்கவில்லை. ஒன்பது பேரில் ஒருவராகப் பாயில் உருண்டு வளர்ந்தவரின் மகன், ஒவ்வொரு பிள்ளைக்கும் கதவு வைத்த அறை கொடுக்க நினைப்பது எவ்வளவு இயல்பானது! நானும் அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவள்தான்.

மகள் வீட்டில் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். கீழே சாப்பாட்டு அறையில் பத்து நாற்காலி, நான் இருந்தவரை அதில் யாரும் உட்காரவில்லை. மாடியில் விளையாட்டு அறை, பேத்தி அங்கே தனியாகப் போகப் பயப்படுவாள். சோறு ஆறுகிறது என்று கீழிருந்து கூப்பிட்டால் மாடிக்குக் கேட்காது, மகள் செல்ஃபோனில் அழைப்பாள். சாட்ஸ்வர்த்தில் எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அவர்கள் அம்மியில் அரைத்தால் இன்றைக்கு என்ன குழம்பு என்று ஆயா இங்கிருந்து சொல்லிவிடுவார். மாடியில் யாரும் இல்லாத அறைகளுக்கும் இயந்திரம் குளிரூட்டிக்கொண்டே இருந்தது, கோடை முழுக்க. அந்த வீட்டின் கடனுக்காகத்தான் மகள் கூடுதல் ஷிஃப்ட் எடுத்தாள்.

உங்கள் வீடு நிற்கும் நிலம் கரும்புக்காடு. என் இளமையில் மவுண்ட் எட்ஜ்கோம்பிலிருந்து கடல்வரை பச்சையாக அசையும். 1860லிருந்து 1911வரை இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்த 1,52,184 பேரில் மூன்றில் இரண்டு பங்கு மதராஸிலிருந்து ஏறியவர்கள். அவர்கள் கை படாத வரப்பு அங்கே இல்லை. 2001இல் கேட்வே மால், 2010இல் லா மெர்சியில் விமான நிலையம், அப்புறம் கார்னுபியா குடியிருப்பு, என்2 நெடுஞ்சாலை நெடுகக் கரும்பு போய் வீடு வந்துகொண்டே இருக்கிறது. ஹூஸ்டன் பக்கத்து ஷுகர் லேண்டும் பெயருக்கேற்ற கரும்பு நிலம்தான். அடிமை முறை ஒழிந்தபின் கைதிகளைக் குத்தகைக்கு எடுத்து வெட்டச் சொன்னார்கள், பெரும்பாலும் கறுப்பர்கள். 2018இல் பள்ளிக்கூடம் கட்டத் தோண்டியபோது அவர்களில் 95 பேரின் எலும்புகள் கிடைத்தன. இன்று அங்கே பெரிய வீடுகளில் நம் மாதிரி இந்தியக் குடும்பங்கள் நிறைய. அந்தத் தெருக்களில் மகளோடு போனபோது எனக்கு மவுண்ட் எட்ஜ்கோம்ப் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது.

நீங்கள் வீட்டைக் குறைக்க வேண்டாம். உங்கள் தொகுதியின் கூட்டம் அடுத்த முறை நடக்கும்போது ஒன்று கேளுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்யும் பெண்மணி டாக்ஸியிலிருந்து இறங்கி வாசலுக்கு வர எவ்வளவு தூரம் நடக்கிறார், அந்த வழியில் நடைபாதை இருக்கிறதா, மழையில் ஒதுங்க ஒரு கூரை இருக்கிறதா? அதைக் கட்டச் சொல்லுங்கள். உங்கள் தொகுதியால் முடியும்.

ஹூஸ்டனில் கறிவேப்பிலை கிடைக்குமா?
*ஒரு பாட்டி, டோங்காட்*

கிடைக்கும், ஆயா. ஹில்கிராஃப்ட் அவென்யூ பக்கம் மகாத்மா காந்தி டிஸ்ட்ரிக்ட் என்று 2010இல் பெயர் வைத்த இடம், வரிசையாக நம் கடைகள். நகர பஸ் போகும் இடம்தான். இங்கிருந்து பையில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் இருக்கும் என்று விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்கள். அறிவிக்காமல் கொண்டுபோனால் அபராதமும் உண்டு.